உதவிப் பதிவாளர் நேர்காணலுக்குத் தயாரித்துப் பயன் உண்டா?

பிப்ரவரி 3, ஒரு வாசகரின் கேள்வி

ஐயா, மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பதிவாளர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இப்போது வேறொரு கல்வி நிறுவனத்தில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: ஆளை முன்பே முடிவு செய்திருப்பார்கள், நீ போய் முகத்தைக் காட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். இது உண்மையா? உண்மையில்லை என்றால் எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

பிப்ரவரி 3, இரவு

முன்பே முடிவு செய்யப்பட்ட நேர்காணல்கள் உண்டு. அதை மறுத்து எழுதினால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆனால் பிரிவு அலுவலராகவும் பின்னர் உதவிப் பதிவாளராகவும் வேலை பார்த்து, ஆட்சேர்ப்புப் பிரிவின் கோப்புகளை நெடுநாள் தேர்வுக் குழுவின் முன் கொண்டுபோய் வைத்தவன் என்ற முறையில் நான் கண்டது உங்கள் மூத்தவர்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டது. குழுவில் இருப்பவர்கள், அதிலும் வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள், கோப்பை நம்பி ஒப்படைக்கத் தக்க ஒருவராவது இன்று அகப்பட மாட்டாரா என்ற தவிப்போடு உட்கார்ந்திருந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விதிகளை ஒப்பிப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒரு சிக்கலைச் சொன்னதும், இதை யாருக்கு, எந்த விதியின் கீழ், என்ன பரிந்துரையோடு அனுப்புவேன் என்று யோசித்துச் சொல்பவர் அரிதாகவே வருவார்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு விதிகள் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வு ஏற்கெனவே பார்த்துவிட்டது. மேலதிகாரிக்கு உவப்பில்லாத ஒன்றை, மரியாதை குறையாமல், காரணம் காட்டி, கோப்பில் எழுதிக் கையெழுத்திடும் துணிவு உங்களுக்கு இருக்கிறதா என்பதை நேர்காணல் பார்க்கிறது. தயாரிப்பு அதற்குத்தான் வேண்டும்.

பிப்ரவரி 4

எல்லாப் பல்கலைக்கழக அலுவலர் பணிகளுக்கும் நேர்காணல் உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. இளநிலைப் பணிகளுக்கு நேர்காணலைக் கைவிட வேண்டும் என்று பிரதமர் 2015 ஆகஸ்ட் 15 உரையில் சொன்னதைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணல் நிறுத்தப்பட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களும் அதையே பின்பற்றுகின்றன. இளநிலை எழுத்தருக்கு எழுத்துத் தேர்வும் தட்டச்சுத் தேர்வும் மட்டுமே. தட்டச்சு தேறினால் போதும், அதற்குத் தனி மதிப்பெண் சேராது. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும் 10ஆம் நிலையிலுள்ள உதவிப் பதிவாளர் தொடங்கி, துணைப் பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பதிவாளர் வரையிலான குரூப் ஏ பணிகளுக்கே நேர்காணல் நடக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நடைமுறை வேறு. அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

பிப்ரவரி 5

நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வைத்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1981இல் சொல்லிவிட்டதாக ஒரு வாசகர் உறுதியாக எழுதியிருக்கிறார். இது பலரும் சொல்வது. ஆனால் பாதிதான் சரி. அவர் குறிப்பிடும் அஜய் ஹாசியா வழக்கு ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றியது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று வைத்து, ஒவ்வொரு மாணவரையும் இரண்டு மூன்று நிமிடங்களில் அனுப்பிவிட்டார்கள். அதைத்தான் நீதிமன்றம் கண்டித்தது. அதே 1981இல் வந்த லீலா தர் வழக்கு ராஜஸ்தான் நீதித்துறைப் பணிக்கான தேர்வைப் பற்றியது. அதில் 25 விழுக்காடு நேர்காணல் மதிப்பெண்ணை அதே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பள்ளியை முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கும், ஆளுமை முதிர்ந்து பணிக்கு வருபவருக்கும் வேறுபாடு உண்டு என்பது அதற்குக் காரணம். ஆகவே உங்கள் விளம்பரத்தில் நேர்காணலின் பங்கு என்னவென்று போட்டிருக்கிறதோ அதைப் படித்துக்கொள்ளுங்கள். 15 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள் போக வேண்டாம்.

பிப்ரவரி 6

எனக்குக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன். பிறகு நான் கோப்புகளோடு உட்கார்ந்திருந்த பல நேர்காணல்களிலும் அதே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வந்தது.

"துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. ஒரு மாணவருக்குக் கடைசித் தேதி கடந்த பிறகும் கட்டணம் கட்ட அனுமதி கொடுக்கச் சொல்கிறார்கள். விதியில் அதற்கு இடமில்லை. என்ன செய்வீர்கள்?"

பலர் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள். துணைவேந்தர் சொன்னால் செய்துவிடுவேன் என்பது ஒன்று. விதியில் இல்லை, செய்ய மாட்டேன் என்பது மற்றொன்று. முதல் பதிலைக் கேட்டால் குழுவில் தணிக்கை அனுபவம் உள்ளவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இரண்டாவதைக் கேட்டால் துணைவேந்தரே வைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் விதியே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964இன் மூன்றாம் விதி, மேலதிகாரியின் ஆணை இயல்பாக எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாய்மொழி ஆணை தவிர்க்க முடியாததானால் உடனே அதை எழுத்தில் உறுதிப்படுத்துவது அவர் கடமை என்கிறது. ஆணையைப் பெற்றவர் தாமே அந்த உறுதிப்படுத்தலைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்பதை உரிமை என்று மட்டும் சொல்லாமல் கடமையாகவே வைத்திருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அன்று நான் சொன்ன பதில் இது. தொலைபேசியில் வந்த செய்தியை, நாளும் நேரமும் குறித்துக் கோப்பில் எழுதுவேன். விதி என்ன சொல்கிறது, தளர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, முன்பு இப்படித் தளர்த்தியது உண்டா, இன்று ஒருவருக்குத் தளர்த்தினால் அதே நிலையில் இருக்கும் மற்ற மாணவர்களுக்கு என்ன பதில் என்பதையும் எழுதி, ஆணை வேண்டி அன்றைக்கே பதிவாளர் வழியாக அனுப்புவேன். மாணவருக்கு நேரம் போய்விடக் கூடாது என்பதால் கோப்பை நானே கையில் எடுத்துச் செல்வேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். குழுவின் தலைவர் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டு மேலும் கேட்டார். எழுதிக் கேட்பது என்பது இழுத்தடிப்பதற்கான தந்திரமாகவும் ஆகலாம், நான் அப்படிப்பட்டவனா என்று அவர் பார்த்தார் என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 8

படிப்பதற்கு என்ன என்ற கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தையும், அதன் கீழுள்ள நியதிகளையும் படியுங்கள். விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் சட்டத்தைக் கண்ணால் பார்க்காமலேயே நேர்காணலுக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவை மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2009இன் கீழ் வருகின்றன; புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு 1985ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இதைக்கூட மாற்றிச் சொல்பவர்கள் உண்டு.

2009 சட்டத்தில் இரண்டு இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள். முதலாவது, துணைவேந்தரின் அவசர அதிகாரம். உடனடி நடவடிக்கை தேவை என்று அவர் கருதினால் பல்கலைக்கழகத்தின் எந்த அமைப்புக்கும் உள்ள அதிகாரத்தைத் தாமே பயன்படுத்தலாம். ஆனால் அந்த அமைப்பின் அடுத்த கூட்டத்தில் அதைத் தெரிவித்தாக வேண்டும். அதனால் பாதிக்கப்படும் ஊழியர் மூன்று மாதத்துக்குள் நிர்வாகக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் பிரிவில் இருக்கும் உதவிப் பதிவாளர் இந்தத் தெரிவிப்பை விட்டுவிட்டால், நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுகூட வழக்கில் தள்ளாடும். இரண்டாவது, பதிவாளரின் நிலை. அவர் நிர்வாகக் குழுவுக்கும் கல்விக் குழுவுக்கும் பதவி வழிச் செயலர். ஆனால் அவற்றின் உறுப்பினராகக் கருதப்பட மாட்டார். பதிவேடுகளையும் பொது முத்திரையையும் காப்பவர் அவர். "பதிவாளர் நிர்வாகக் குழுவில் வாக்களிக்கலாமா?" என்ற கேள்விக்கு இந்த இடத்தைப் படித்தவர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 8, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. 6ஆம் தேதி சொன்ன கட்டணக் கேள்விக்கும் இந்த அவசர அதிகாரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. துணைவேந்தருக்கு உண்மையாகவே அந்தத் தளர்வைக் கொடுக்க வழி இருக்கலாம். அப்படியானால் உங்கள் குறிப்பு "இயலாது" என்று முடியக் கூடாது. "இந்தப் பிரிவின் கீழ் ஆணையிடலாம், அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்" என்று முடிய வேண்டும். மேலதிகாரிக்குச் சட்டப்படியான வழியைக் காட்டுவதும் அந்தத் துணிவின் ஒரு பகுதிதான்.

பிப்ரவரி 10

சான்றிதழ்கள். சலிப்பான விஷயம்தான், ஆனால் தகுதியுள்ள தமிழ்நாட்டு இளைஞர்கள் அறைக்குள் நுழையாமலேயே திரும்பிப் போனதை நான் பார்த்திருப்பதால் எழுதுகிறேன். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று நம் மாநிலம் தரும் சாதிச் சான்றிதழ், மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதர பிற்படுத்தப்பட்டோர் இடத்துக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற குறிப்போடு, விளம்பரம் சொல்லும் காலத்துக்குள் வட்டாட்சியரிடம் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை.

அடுத்து, நீங்கள் இப்போது வேலையில் இருப்பதால், வேறு பணிக்குப் போகத் தடையில்லை என்று இப்போதைய நிறுவனம் தரும் தடையின்மைச் சான்று. விண்ணப்பித்த அன்றே அதற்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புதலை வாங்கி வைத்திருக்க வேண்டும். முதுகலையில் 55 விழுக்காடு என்பது குறைந்தபட்சத் தகுதி. உங்கள் பல்கலைக்கழகம் தரப்புள்ளி முறையில் மதிப்பெண் கொடுத்திருந்தால், விழுக்காடாக மாற்றும் சூத்திரத்தை அந்தப் பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்த தாள் வேண்டும். நீங்களே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தால் ஏற்க மாட்டார்கள்.

பிப்ரவரி 11

இந்தி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் கண்ட நேர்காணல்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. வடக்கே நடப்பவற்றில் சில கேள்விகள் இந்தியில் வரலாம். தெரியாது என்றால் தெரியாது என்று பணிவாகச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லலாம். அதைவிட ஆட்சிமொழிச் சட்டங்கள் பற்றிய அறிவே உங்களுக்கு உதவும். ஆட்சிமொழிச் சட்டம் 1963இல் வந்தது. அதன் கீழ் வந்த 1976 விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே இருக்கிறது. வெளி மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற நமக்கு, இந்தியில் வந்த கடிதத்துக்கு இந்தியில்தான் பதில் தர வேண்டும் என்கிற ஐந்தாம் விதி அங்கே பொருந்தும். "உங்களுக்கு இந்தி வராதே, அந்தக் கடிதத்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், விதியைச் சொல்லி, பல்கலைக்கழகத்தின் இந்திப் பிரிவின் உதவியோடு பதிலனுப்பி, நானும் கற்றுக்கொள்வேன் என்று சொல்லுங்கள். மொழிக் கொள்கை பற்றி உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. அந்த அறையில் கேட்கப்படுவது கடிதத்தைப் பற்றி மட்டுமே.

பிப்ரவரி 14

ஒரு சகோதரி எழுதியிருப்பது என்னை இரண்டு நாள்களாக யோசிக்க வைத்தது. "மேலதிகாரிக்கு உவப்பில்லாததை எழுதுவேன் என்று ஓர் ஆண் சொன்னால் நேர்மையானவர் என்கிறார்கள்; நான் சொன்னபோது, 'நீங்கள் மற்றவர்களோடு ஒத்துப்போவீர்களா அம்மா?' என்று கேட்டார்கள்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. அந்தக் கேள்வி பெண்களை நோக்கி வருவதை நானும் கேட்டிருக்கிறேன். ஆண்களை நோக்கி வந்ததாக நினைவில்லை. குழுவில் பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும் அது வருகிறது.

முதல் நாள் நான் சொன்னதில் அழுத்தம் கொஞ்சம் மாற வேண்டும் என்று அவருடைய கடிதத்துக்குப் பிறகு நினைக்கிறேன். துணிவு என்ற சொல்லை நான் பயன்படுத்தினேன். பதில் சொல்பவர் அதைக் குரலில் காட்டத் தேவையில்லை. "என் கருத்தைக் காரணத்தோடு எழுதுவேன், அதைப் படித்த பிறகு அதிகாரம் உள்ளவர் வேறு முடிவை எழுத்தில் எடுத்தால், சட்டத்துக்கு முரணில்லாத வரை அதை அன்றே நிறைவேற்றுவேன்" என்ற இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாதியைச் சொல்லாமல் விடுபவரைப் பற்றித்தான், ஆணோ பெண்ணோ, ஒத்துப்போவாரா என்ற ஐயம் எழ இடம் ஏற்படுகிறது. இதைச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வி வந்தால் தவறு கேட்டவருடையது. பதிலைத் திருத்திப் பயனில்லை.

பிப்ரவரி 15

மாதிரிக் கேள்விகள் இன்னும் வேண்டும் என்கிறார்கள். இரண்டு தருகிறேன்.

ஒரு மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தன் விடைத்தாளின் நகலைக் கேட்கிறார். பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளில் நகல் கொடுக்க இடமில்லை. விதியில் இல்லாததால் நிராகரிப்பேன் என்று சொன்ன ஒருவர், மற்ற எல்லாவற்றிலும் நன்றாகப் பதில் சொல்லியும் அந்த இடத்தில் சறுக்கினார். தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உள்ளவர் என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவரின் பெயரும் கையெழுத்தும் மறைக்கப்பட வேண்டும். விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். பதில் 30 நாளுக்குள் போக வேண்டும். இவ்வளவையும் சொன்ன பிறகு, தேர்வு விதிகளைத் திருத்தப் பரிந்துரைத்து ஒரு தனிக் கோப்பு தொடங்குவேன் என்று சொல்பவரை எந்தக் குழுவும் மறக்காது.

இன்னொன்று: ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திய பேராசிரியர் கணக்கை முடிக்காமல் ஓய்வு பெற்றுவிட்டார்; நிதி தந்த அமைப்பு, பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்டு நினைவூட்டுகிறது. பொது நிதி விதிகள் 2017இன்படி அது 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். பலர் அந்தப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவேன் என்று நிறுத்திவிடுவார்கள். பணத்தைப் பெற்றது பல்கலைக்கழகம். சான்றளிக்க வேண்டியதும் அதுவே. நிதிப் பிரிவின் ரசீதுகளிலிருந்தும் துறையின் இருப்புப் பதிவேட்டிலிருந்தும் கணக்கைத் திரட்டத் தொடங்கிவிட்டு, அதற்கு இணையாகத்தான் பேராசிரியருக்கு எழுத வேண்டும்.

பிப்ரவரி 16

"கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?" தெரியாது என்று சொல்லிவிட்டு, எந்த விதிநூலில் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18

முதல் நாள் கேள்வியின் முதல் பாதிக்கு, முன்பே முடிவானதா என்பதற்கு, நான் போதுமான அளவு பதில் சொல்லவில்லை என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். நியாயமான கண்டிப்பு. எந்தக் குழுவின் மனத்தையும் நாம் திறந்து பார்க்க முடியாது. ஆனால் வெளியே தெரிகிற சில அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. நேர்காணலில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்று விளம்பரத்தில் இல்லாத நிபந்தனையைத் தேர்வு நடந்த பிறகு புகுத்தினால், மஞ்சுஸ்ரீ வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லியிருக்கிறது. ஆட்சேர்ப்பு தொடங்கிய பின், விதிகளோ விளம்பரமோ இடம் தராத நிலையில், நடுவில் தகுதி நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்பதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தேஜ் பிரகாஷ் பாட்டக் வழக்கில் உறுதிசெய்தது. ஆகவே விளம்பரத்தின் அச்சுப்படியையும், இணையத்தில் வந்த திருத்த அறிவிப்புகளையும் தேதியோடு இன்றே எடுத்து வையுங்கள். பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களில் பழைய அறிவிப்புகள் நீண்ட காலம் நிற்பதில்லை.

முடிவு வந்த பிறகு உங்கள் நேர்காணல் மதிப்பெண்ணைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், தேர்வரின் விடைத்தாளையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் தரலாம், மதிப்பிட்டவர் பெயரைத் தர வேண்டியதில்லை என்று சொன்னது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள் இரண்டாவது.

தம்பி, உங்கள் நேர்காணல் அடுத்த வாரம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைய அலுவலகத்தில் நீங்கள் எழுதிய குறிப்புகளில் மேலதிகாரி ஏற்காதது ஒன்றையும், ஏற்றது ஒன்றையும் நினைவுக்குக் கொண்டுவந்து, யார் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வராமல் இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தடையின்மைச் சான்று கைக்கு வந்துவிட்டதா என்பதை இங்கே தெரிவியுங்கள். வராவிட்டால் கோரிக்கைக் கடிதத்தின் ஒப்புதல் நகலோடு பதிவாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அதன் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.